ஃப்ளெக்ஸில் சிரிக்காத அத்தை

1

இது நான் ஜெயித்த கதை. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் எதையோ தொலைத்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு இந்த ஜூன் மாதத்தில் எதுவும் தொலையவில்லை. என் தம்பி மகள் மித்ரா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்ததில் அதிசயம் இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள், அதுதான் விஷயம்.

நான் இருப்பது நியூசிலாந்தில், மாடும் மழையும் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லாத ஒரு சின்ன ஊர். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கால்நடை மருத்துவம் படித்தவள். இங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், கோழிப்பண்ணையில்தான். நாமக்கல்லில் முட்டைகளுக்கு நடுவே பிறந்து, கடல் தாண்டி வந்து, மறுபடியும் முட்டைகளுக்கு நடுவே நிற்கிறேன். "இதுக்கு நம்மூட்டுச் செட்டுலயே இருந்திருக்கலாமுங்க்கா, பிளேன் ஏறற வேலையாச்சும் மிச்சம்" என்பான் என் தம்பி செந்தில்.

அவன் ரிக் லாரி வைத்திருக்கிறான். போர்வெல் போடுகிற தொழில். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர் பக்கம் ஏதாவது ஒரு காட்டில் குழி தோண்டிக்கொண்டிருப்பான். மோகனூர் சாலையில் இருக்கிற வீட்டையும் அதை ஒட்டிய இரண்டு கோழிக் கொட்டகைகளையும், எங்கள் பேச்சில் செட்டுகளையும், அவன் மனைவி கோகிலா ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. மித்ரா அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டும், மீதி நேரம் கோழிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டும் இருந்தாள்.

2

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே மத்தியானம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம். வீடியோ அழைப்பில் மித்ராவின் நெற்றி மட்டும் தெரிந்தது. அவளுக்குப் போனை எப்போதும் நெற்றிக்கு நேராகப் பிடித்துத்தான் பழக்கம்.

"அத்தை, உங்களைய ரோட்டுல பாத்தனே" என்றாள்.

"என்னையா? நான் இங்கதான இருக்கறேன் அம்மிணி."

"இல்ல, பெருசா இருந்தீங்க. லாரி ஒசரம்."

கோகிலா பின்னாலிருந்து விளக்கினாள். நான் படித்த பள்ளிக்கூடம், விடுதியோடு கூடிய பெரிய பள்ளிக்கூடம், சாலைப் பிரிவில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறது. பழைய மாணவர்கள் ஆறு பேரின் படம். அதில் நானும் ஒருத்தி. ரெட்டைச் சடை, எண்ணெய் வடியும் நெற்றி, கீழே 'கால்நடை மருத்துவர், நியூசிலாந்து'. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை விண்ணப்பத்துக்கு எடுத்த படத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

"அத்தை, ஏன் நீங்க சிரிக்கவே இல்ல? மத்தவங்க எல்லாம் சிரிக்கறாங்க."

"போட்டோக்காரர் சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாரு சாமி" என்றேன். பொய். எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகியதால் தடங்கலே இல்லாமல் வந்தது.

அப்போதுதான் கோகிலா போனை வாங்கிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இவளையும் அங்கயே சேத்தறதுன்னு முடிவு பண்ணிப்போட்டாருங்க அண்ணி. ஒண்ணாவதுல இருந்தே ஹாஸ்டல் இருக்குதாமா. ஜூன்ல கொண்டுபோய் உடறதுதான் பாக்கி."

மித்ராவுக்கு அப்போது ஐந்தரை வயது. நான் அந்த விடுதிக்குப் போனது பத்து வயதில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் கவின், ஒன்பது வயது, எங்கள் பேச்சில் பாதியைப் புரிந்துகொண்டான். அவனுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. அழைப்பு முடிந்ததும் ஆங்கிலத்தில் கேட்டான், "மித்ரா பள்ளிக்கூடத்திலேயே தூங்கணுமா? என்ன தப்புப் பண்ணினா?"



3

இந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவது அவரவர் ஐந்தாவது பிறந்தநாளை ஒட்டி. எல்லாருக்கும் பொதுவான திறப்பு நாள் என்று ஒன்று கிடையாது. கவின் சேர்ந்தது மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. புதிதாக வந்தவன் அவன் ஒருவன்தான், அதனால் மொத்த வகுப்பும் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனது. பாதிப் பிள்ளைகள் காலில் செருப்பு இல்லை. என்னடா இது, செருப்பு வாங்கித் தராத வீடுகளா என்று நான் பரிதாபப்பட்டேன். ஊரில் நாங்கள் பூட்ஸுக்கு வெள்ளைப் பாலிஷ் போட்டே வளர்ந்த கூட்டம். இங்கே வசதியான வீட்டுப் பிள்ளையும் வெறுங்காலோடுதான் ஓடும் என்று பிறகு தெரிந்தது.

சேர்க்கைக்கு ஒரு கட்டுத் தாள்கள் கேட்டார்கள். பிறப்புச் சான்று, தடுப்பூசிச் சான்று, இந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறோம் என்பதற்குக் கரண்ட் பில். தாள்களுக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. விசாவுக்கு எக்ஸ்ரே எடுக்க நின்றவள், பட்டம் செல்லும் என்று நிரூபிக்க மூன்று வருஷம் அலைந்தவள். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி நீட்டினேன். கடைசித் தாளில்தான் மாட்டிக்கொண்டேன். 'வருத்தமாக இருக்கும்போது உங்கள் குழந்தை என்ன செய்யும்? அப்போது நாங்கள் என்ன செய்தால் அதற்குப் பிடிக்கும்?'

பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடம் இதைக் கேட்கும் என்றே எனக்குத் தெரியாது. 'சாப்பிட மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்' என்று எழுதிக் கொடுத்தேன். அது கவினைப் பற்றிய பதில்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

4

என் விடுதி வாழ்க்கையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அதை எழுதியவள் நான்தான். ஆறாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன், முதல் நாளே ஒட்டிக்கொண்டேன், ஏழு வருஷம் சந்தோஷமாகப் படித்தேன், மார்க் வாங்கினேன், வெளிநாடு போனேன். அப்பா இதை டீக்கடையில் சொல்வார், அம்மா கல்யாண வீட்டில் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு விடுதிப் பள்ளிக்கூட மைதானங்கள் திருவிழாப் போல இருக்கும். மரத்துக்கு ஒரு குடும்பம் பாய் விரித்திருக்கும். அப்பாவும் அம்மாவும் இரண்டு பஸ் மாறி வருவார்கள், செந்திலும் கூட வருவான். தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம், தனியாக முட்டைப் பொரியல். நான் சிரித்துக்கொண்டே சாப்பிடுவேன். சிநேகிதிகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர்கள் கிளம்பும்போது கேட் வரைக்கும் கை ஆட்டுவேன்.

அப்படிச் சிரிப்பதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் துணி துவைக்கிற நேரம். தண்ணீர் கொட்டுகிற சத்தம், முப்பது பேர் துணி அடிக்கிற சத்தம். அங்கே கடைசிக் கல்லில் நின்று அந்த வாரத்து அழுகை எல்லாவற்றையும் அழுது முடித்துவிடுவேன். முகமும் கையும் நனைந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. ஞாயிறுக்கு மிச்சம் வைக்கக் கூடாது, அதுதான் சட்டம். இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் முன்னால் அழுதால் அவர்கள் போகிற வழியெல்லாம் அழுவார்கள் என்று பத்து வயதில் நானே போட்டுக்கொண்ட சட்டம்.

பள்ளிக்கூடத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் சொன்னது மார்க், கொடுத்ததும் மார்க். யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் ஏழு வருஷத்தில் ஒருவர்கூட என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அப்பா, அம்மா இருந்தவரைக்கும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கே கவின் சேர்க்கைத் தாளை நிரப்பிய அன்றைக்குத்தான் சொன்னேன்.

நான் கட்டிய பொய் எவ்வளவு உறுதி என்று பாருங்கள். கடைசியில் அது லாரி உயரத்துக்கு ஃப்ளெக்ஸாக நின்று, என் மருமகளையே வா என்று கூப்பிட்டது.

5

முதலில் ஒரு கோழைத்தனம் செய்தேன். தம்பியிடம் பேசப் பயந்துகொண்டு, என் படத்தை எடுத்துவிடும்படி பள்ளிக்கூடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கே நாளில் பதில் வந்தது, அந்தச் சுறுசுறுப்பைப் பாராட்ட வேண்டும். படத்தில் இருப்பது நான்தான் என்பதற்கு மாற்றுச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆகியவற்றுடன் அலுவலக நேரத்தில் நேரில் வரவும். என்னைக் கேட்காமல் வைத்த படத்தை எடுக்க, நான் நானென்று நிரூபிக்க வேண்டும். நியூசிலாந்து குடிவரவுத் துறையே என்னை இந்த அளவுக்குச் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த வாரம் கோகிலா கூப்பிட்டாள். "நான் சொன்னா, புள்ளையப் பிரிய மனசில்லாம பேசறேங்கறாருங்க அண்ணி. எங்கக்காளப் பாரு, அங்க படிச்சுத்தான் இந்த நெலமைக்கு வந்துச்சுங்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். செந்தில் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் நான். மாப்பிள்ளையின் சகோதரியைப் பக்கத்தில் நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறுமுனையை அவள் கையிலும் கொடுப்பார்கள் எங்கள் பக்கத்தில். மனைவி வந்த பிறகும் உடன்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்பதற்கு அடையாளம். அந்தச் சேலை முனையைப் பிடித்தவள் இந்த வீட்டு விஷயத்தில் பேசாமல் வேறு யார் பேசுவது? உரிமை இருந்தது, வாய்தான் வரவில்லை. ஏனென்றால் பேசினால் அப்பாவும் அம்மாவும் சாகும்வரை சந்தோஷப்பட்ட ஒரு கதையை நான் உடைக்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை, பண்ணையில் மத்தியான இடைவேளையில், கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். பின்னால் கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தது.

"சத்தமாப் பேசுங்க்கா, ராடு எறங்கிட்டு இருக்குது."

"மித்ராவ ஹாஸ்டல்ல சேக்காதடா."

"கேக்கலீங்க்கா."

"சேக்காதடாங்கறேன். எனக்கு அது புடிக்கல."

"என்னங்க்கா இது. நீங்க சந்தோசமா இருந்த எடம்தானுங்க."

இருபத்தைந்து வருஷம் மூடி வைத்ததை மெதுவாக, பக்குவமாகச் சொல்லலாம் என்று ஒத்திகை எல்லாம் பார்த்திருந்தேன். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே பக்குவம் எங்கே எடுபடும்? தொண்டை கிழியக் கத்தினேன். "நான் சந்தோசமா இல்லடா. ஏழு வருசமும் அழுதேன். சனிக்கெழம சனிக்கெழம அழுதேன்."

தீவன வண்டி ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

அந்தப் பக்கம் செந்தில் இந்தியில் யாரிடமோ ஏதோ சொன்னது கேட்டது. பிறகு கம்ப்ரசர் நின்றது. குழி பாதியில் இருக்கும்போது ரிக்காரன் கம்ப்ரசரை நிறுத்த மாட்டான். அப்பா இறந்த சேதி வந்தபோதுகூட அந்தக் குழியை முடித்துவிட்டுத்தான் என் தம்பி லாரியை விட்டு இறங்கினான். போனில் அங்கே ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்கிற அளவுக்கு அமைதி.

"இப்பச் சொல்லுங்க்கா" என்றான்.

துவைக்கிற கல்லைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமைன்னாச் சிரிச்சுட்டு இருப்பீங்களேங்க்கா" என்றான் கடைசியில்.

"அதுக்குத்தான்டா மொத நாளே அழுதது."

"எனக்கு அப்பெல்லாம் உங்க மேல பொறாமை. உங்களப் பாக்க வர்றதுன்னாத்தான் அம்மா முட்டைப் பொரியல் கட்டும்." பிறகு கேட்டான், "அம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயே போயிருச்சு. அது வரைக்கும் நல்லது." மூக்கை உறிஞ்சினான். "சேத்தலீங்க்கா. உட்டுப்போடலாம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. புள்ளையப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போறது யாரு? காலைல எட்டு மணிக்கு முட்டை எடுக்கோணும், அவ ஒருத்தி என்ன பண்ணுவா?"

நான் நிமிர்ந்து நின்றேன். இந்தக் கேள்விக்குத்தான் நான் பதினேழு வருஷம் படித்திருக்கிறேன்.

6

"டேய், நான் கோழி டாக்டர், கேட்டுக்க" என்று ஆரம்பித்தேன். கோழி முட்டையிடுவது பெரும்பாலும் மத்தியானத்துக்குள். எட்டு மணிக்கே கூடையோடு போய் நிற்பது அப்பா காலத்துப் பழக்கம், கோழிக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. விடியும்போது தீவனம். எட்டரைக்குப் பள்ளிக்கூடம். வந்து ஒன்பதரைக்கு முதல் தடவை, மத்தியானம் இரண்டாவது தடவை. முட்டை வண்டி வருவது எப்படியும் பொழுது சாய்ந்து. ஒரு மணி நேரம் தள்ளி எடுத்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். உண்மையிலேயே போட்டுக் கொடுத்தேன். என் பதவி முத்திரையோடு அந்த அட்டவணை இன்றைக்கும் செட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மித்ராவை எதில் கூட்டிக்கொண்டு போவது என்று அவன் அடுத்த தடையைப் போட்டபோது கோகிலாவையும் அழைப்பில் சேர்த்தேன். அவள் சொன்னாள். "ஸ்கூட்டி பழகிட்டனுங்க. ரெண்டு மாசமாச்சு. லைசன்சும் வந்துருச்சு."

"எங்க பழகுன?" என்றான் செந்தில்.

"ரெண்டு செட்டுக்கும் நடுவுல."

பிப்ரவரியில் முட்டை குறைந்துவிட்டது, என்ன நோய் என்று தெரியவில்லை என்று அவன் என்னிடம் புலம்பி, நான் தண்ணீரை மாற்று, மருந்தைக் கல என்று பத்து யோசனை சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நோய் ஒன்றுமில்லை, ஸ்கூட்டிச் சத்தம்தான். மருத்துவராக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். நாத்தனாராகச் சிரித்தேன். யாரிடமும் சொல்லாமல் வண்டி பழகியவள், என்னை ஜெயிக்க வைக்கவும் வழி தெரிந்தவள்தான்.

மித்ராவைச் சேர்த்தது விடுதி இல்லாத வேறொரு பள்ளிக்கூடத்தில். அது திறந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அங்கே காலை எட்டரை என்றால் இங்கே மத்தியானம் மூன்று மணி, கவினின் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கேட்டில் நின்றேன். போனில் கோகிலா அந்தக் கேட்டில் நின்றாள். இங்கே பிள்ளைகள் சேற்றுக் காலோடு வெளியே ஓடி வந்தார்கள், அங்கே பிள்ளைகள் பாலிஷ் போட்ட பூட்ஸோடு உள்ளே போனார்கள். மித்ராவின் சீருடை ஒரு அளவு பெரிது. முதுகுப் பையும் அவளும் ஒரே உயரம். கேட்டைத் தாண்டியவள் திரும்பி வந்து, போனை வழக்கம்போல நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, போயிட்டுப் பொழுதோட வந்தர்றேன்."

எங்கள் பக்கத்தில் பொழுதோட என்றால் சாயங்காலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மேலாளர் பண்ணைக் கதவைப் பூட்டாமல் எனக்காகக் காத்திருந்தார். அத்தனை பழகிய வார்த்தை அது. ஆனால் என் பழைய விடுதிக் கேட்டில் நின்று மட்டும், ஏழு வருஷத்தில் ஒரு நாளும், பொழுதோட வருகிறேன் என்று என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. மித்ரா அதைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் உள்ளே ஓடினாள். நான் மழையில் நின்றுகொண்டு, எதிரே வந்த ஒரு அறிமுகமில்லாத அம்மாவிடம், என் மருமகள் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் வாழ்த்துச் சொன்னார். இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை, கவினுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, கோகிலா முந்தின சாயங்காலம் அனுப்பியிருந்த வீடியோவைத் திறந்தேன். ஸ்கூட்டியைச் சாலைப் பிரிவில் நிறுத்தியிருக்கிறாள். பின்னால் லாரிகள் போகிற சத்தம். மித்ராவின் ஒரு சடை அவிழ்ந்திருக்கிறது, சட்டையில் சாம்பார் கறை. முன்னால் நின்றபடி அண்ணாந்து பார்க்கிறாள். போன் மேலே போகிறது. லாரி உயரத்தில் நான், ரெட்டைச் சடையோடு, சிரிக்காமல்.

மித்ரா கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள்.

"அத்தை, பள்ளிக்கூடம் உட்டாச்சு. ஊட்டுக்குப் போலாம், எறங்கி வாங்க."

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், துவைக்கிற கல் இல்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை, சாப்பாட்டு மேசையில், எல்லாரும் பார்க்க. கவின் ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வருத்தமா என்று கேட்டான். இல்லை, ஜெயித்துவிட்டேன் என்றேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.